கொட்டை எடுத்த பேரீச்சம்பழம்

அம்பிட்டிய,
1938 ஒக்தோபர் 12.

கைரியாவுக்கு,

ஸலாம். சொல்லாமல் விட்டால் குற்றம் என் பக்கம் வந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

லொறிக்காரச் சாஹுல் ஹமீது நேற்று வந்து போனான். கண்டிக்குச் சாமான் ஏற்ற வரும்போதெல்லாம் அம்பிட்டிய வரை வந்து உங்கள் வீட்டு நடப்பைச் சொல்லிவிட்டுப் போகிறவன் அவன் ஒருவன்தான். உன் கையால் ஒரு வரி வந்தது கிடையாது. கடுகண்ணாவைக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் இருந்த தலையிடி மாத்திரைப் போத்தலை, புருஷன் இல்லாத நேரம் பார்த்து, நீ தெருவோரச் சாக்கடைக் கானில் கொட்டினாயாம். கடைக்கு வந்த சனம் பார்த்துக்கொண்டு நின்றதாம். கடைக்காரன் பெண்சாதியே கடைச் சாமானைக் கானில் கொட்டினால் அந்தக் கடையை யார் மதிப்பார்கள்?

என் தம்பி ஸெய்னுலாப்தீனுக்கு முழங்கால் வாதம் இன்று நேற்று வந்ததல்ல. அந்த அஸ்பிரின் மாத்திரை இரண்டு போட்டால்தான் அவன் தொழுகையில் குனிந்து நிமிர்வான். அதையும் பிடுங்கிவிட்டாய். அது போதாதென்று வருகிற றமழானில் அவனை நோன்பு பிடிக்க விடமாட்டேன் என்று வேறு சொல்லியிருக்கிறாய். எங்கள் வாப்பா நோன்பு வாயோடு மௌத்தானவர். அவர் மகன் கடுகண்ணாவைப் பள்ளிவாசலில் தொழுகைக்கு முதல் வரிசையில் நிற்கிறவன். அவன் பகலில் பால் குடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தால் ஊர் என்ன பேசும் என்று யோசித்தாயா?

போன மாதம் அவன் வாந்தியில் இரத்தம் வந்தது எனக்கும் தெரியும். ஏன் வந்தது என்பதும் தெரியும். உன் வீட்டுக் கறியில் மீன் மிதப்பதில்லை, கொச்சிக்காய்க் காரம்தான் மிதக்கிறது. உம்மா மௌத்தான பிறகு அவனை ஊட்டி வளர்த்தவள் நான். என் சோற்றைத் தின்ற காலத்தில் வயிறு வலிக்கிறது என்று அவன் ஒரு நாள் சொன்னதில்லை.

மாத்திரையைத் திரும்ப வாங்கி வை.

சித்தி றலியா


கடுகண்ணாவை,
1938 ஒக்தோபர் 17.

மதினிக்கு,

வ அலைக்கும் ஸலாம். பதில் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன்.

கொச்சிக்காயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் இரத்தம் கக்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டு அம்மிக்கு வேலை இல்லை. அவருக்குப் பாலும் குழைந்த சோறும்தான். நானும் அதைத்தான் தின்கிறேன். உங்கள் சாஹுல் ஹமீது இதைச் சொல்லவில்லையா, அல்லது நீங்கள் கேட்கவில்லையா?

தியாகராஜா டாக்டர் யாழ்ப்பாணத்து மனிதர், யாருக்கும் முகத்துக்காகப் பேசாதவர். வயிற்றை அமத்திப் பார்த்து, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா என்று கேட்டார். உங்கள் தம்பி இல்லை என்றார். நான் ஆம் என்றேன். கக்கூசைக் கழுவுகிறவள் நான்தானே. வயிற்றில் புண் என்று டாக்டர் சொன்னார். பிறகு என்னென்ன மருந்து விழுங்குகிறார் என்று கேட்டார். நான் அந்தப் போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஓம், இது நல்ல மாத்திரைதான்," என்றார். "தலையிடிக்கு நானும் போடுறனான். ஆனா புண் இருக்கிற வயித்துக்குள்ள இது போனா, புண்ணில புளி விட்ட மாதிரித்தான். புத்தகங்களில இதைப் பெரிசா எழுதேல்லை. நான் கண்ணால கண்ட ஆக்கள் இருக்கினம். இனி இவருக்கு இதில ஒரு துண்டும் குடுக்கக் கூடாது. வயித்தை வெறுமையாப் போடவும் கூடாது."

நான் அவர் முன்னாலேயே கேட்டேன், நோன்பு? கூடாது என்று டாக்டர் தலையை ஆட்டிவிட்டார். நோயாளிக்கு நோன்பை விடச் சலுகை இருக்கிறது, ஏழைக்குச் சோறு கொடுத்தால் போதும் என்று நம் பள்ளிவாசல் லெப்பையும் சொன்னார். அல்லாஹ் கொடுத்த சலுகையை அம்பிட்டிய கொடுக்க மாட்டேன் என்கிறது.

போத்தலைக் கொட்டியது உண்மைதான். கடையில் இருந்தால் அவர் கை அதற்குப் போகும். என் புருஷன் எனக்கு உயிரோடு வேண்டும், முதல் வரிசையில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை.

கைரியா


அம்பிட்டிய,
1938 ஒக்தோபர் 23.

கைரியா,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். ஒரு பெண் தன் புருஷனுடைய கக்கூஸ் விஷயத்தைக் கடிதத்தில் எழுதுவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

உன் யாழ்ப்பாணத்து டாக்டர் சொன்னது வேதவாக்கு என்றால் நானும் ஒரு டாக்டரைக் கேட்டேன். கண்டி டவுனில் வெள்ளைக்காரத் துரைமாருக்கே மருந்து கொடுக்கிறவர். அந்த மாத்திரையால் ஒன்றும் ஆகாது, சீமையில் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள் என்றார். நானே என் முழங்காலுக்கு எத்தனை வருஷமாகப் போடுகிறேன். நான் செத்தா போனேன்? எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே இரத்தம்.

நாளையோ மறுநாளோ பிறை தெரிந்துவிடும். சாஹுல் ஹமீதிடம் பேரீச்சம்பழம் கொடுத்து அனுப்புகிறேன். பெரிய டின் உங்கள் வீட்டுக்கு. சின்ன டின் தம்பிக்கு மட்டும். அவனுக்குக் கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று கேள்வி, அதனால் அவன் பழத்தில் கொட்டையை எடுத்துவிட்டேன். நோன்பு பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பேரீச்சம்பழம் தின்னலாம். அதையும் உன் டாக்டர் தடுத்திருந்தால் சொல், அவருக்கும் ஒரு டின் அனுப்புகிறேன்.

சித்தி றலியா


கடுகண்ணாவை,
1938 நவம்பர் 3.

மதினிக்கு,

ஸலாம். இரண்டு டின்னும் வந்தன. பழம் நல்ல பழம். கொடுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று என் உம்மா பழக்கியிருக்கிறார்கள், சொல்கிறேன்.

ஒரே இரத்தம் என்று எழுதியிருந்தீர்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நீங்கள் தாயும் இல்லை, ராத்தாதான். உங்கள் வயிற்றில் புண் இல்லை, அவர் வயிற்றில் இருக்கிறது. கதை அவ்வளவுதான்.

உங்களுக்குச் சந்தோஷமான செய்தியும் உண்டு. உங்கள் தம்பி நோன்பு பிடிக்கிறார். முதல் நாள் விடியுமுன் சஹருக்கு என்னை எழுப்பாமல் தானே எழுந்து பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு நோன்புக்கு நிய்யத்து வைத்துக்கொண்டார். நான் அழுதேன், சண்டை பிடித்தேன், டாக்டரைக் கூப்பிடுவேன் என்றேன். "ராத்தா சொன்னது சரி, வாப்பாட மகன் நான். நீ ஒன் வேலயப் பாரு," என்றார். பள்ளியில் இரவுத் தராவீஹ் முழுவதும் நின்று தொழுகிறாராம். போன வருஷம் பாதியில் உட்கார்ந்தவர் இந்த வருஷம் தூண் மாதிரி நிற்கிறாராம். வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு, வலியே இல்லை என்கிறார்.

எனக்கு இது விளங்கவில்லை. வீட்டில் ஒரு மாத்திரை கிடையாது. கடை மேசை லாச்சி, கோட்டுப் பை, தலையணை உறை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டேன். பக்கத்துக் கடைகளிலும் சொல்லி வைத்திருக்கிறேன், அவருக்கு விற்க மாட்டார்கள். வலி மட்டும் தானாகப் போய்விட்டது. முகம் வேறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து வருகிறது. கக்கூசுக்குப் போனால் இப்போதெல்லாம் தண்ணீரைத் தானே ஊற்றிவிட்டு வருகிறார்.

உங்கள் துஆதான் பலித்தது என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுதுங்கள். நான் இரவெல்லாம் அவர் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

கைரியா


அம்பிட்டிய,
1938 நவம்பர் 8.

கைரியா,

எழுதத்தான் போகிறேன். என் துஆதான் பலித்தது.

நோன்புதான் மருந்து என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. நீ பாலைக் கொடுத்துக் கிடத்தி வைத்திருந்தால் இந்நேரம் அவனுக்குக் கால் முடங்கியிருக்கும். முகம் வெளுத்தது என்கிறாய். நோன்பாளியின் முகம் வெளுக்காமல் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரியா இருக்கும்?

அவனுடைய பையைத் தடவுகிறாய், தலையணையைத் தடவுகிறாய். புருஷனைத் திருடனைப் போலச் சோதிக்கிற பெண்ணோடு அவன் எப்படிக் காலம் தள்ளுகிறான் என்று தெரியவில்லை. ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதைதான் உன் அழுகை. அவனை உன் முந்தானையில் முடிந்து வைக்க வேண்டும், அதற்கு ஒரு டாக்டர், ஒரு லெப்பை.

சின்ன டின் முடியப் போகிறது என்று சாஹுல் ஹமீது சொன்னான். இன்னொன்று அனுப்புகிறேன். இதுவும் தம்பிக்கு மட்டும்தான். உங்களுக்கு வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சித்தி றலியா


கடுகண்ணாவை,
1938 நவம்பர் 16.

சித்தி றலியாவுக்கு,

இந்தக் கடிதத்தில் மதினி என்று எழுத என் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதுக்குப் போனவர் எழும்பவில்லை. பள்ளிப் பாய் முழுக்க இரத்தம். அவரைச் சாஹுல் ஹமீதின் லொறியில் போட்டு, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேராதெனியப் பாலம் தாண்டும்போது அவர் கை சில்லென்று போய்விட்டது. நான் கடைசி நேரக் கலிமாச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிட்டேன்.

செய்தி கேட்டு நீங்கள் அம்பிட்டியவிலிருந்து ஓடி வந்தீர்கள். வார்டில் எல்லோருக்கும் கேட்க, "பட்டினி போட்டுக் கொன்னுட்டியே என் தம்பிய," என்று என்னைப் பார்த்துக் கத்தினீர்கள். நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நோன்பைத் தடுத்தவளும் நானே, பட்டினி போட்டவளும் நானே.  உங்கள் அழுகை உண்மையான அழுகை என்பதால் பொறுத்தேன்.

நேற்று மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். வரும்போதே மஃரிபு ஆகிவிட்டது. பெரிய டின் எப்போதோ தீர்ந்துவிட்டது, நோன்பு திறக்க வீட்டில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த அவருடைய கோட்டுப் பையில் உங்கள் சின்ன டின் இருந்தது. பாங்கு கேட்டதும் ஒரு பழத்தை வாயில் போட்டுக் கடித்தேன். நறுக்கென்றது. கொட்டை எடுத்த பழத்தில் என்ன நறுக்கு என்று நினைப்பதற்குள் நாக்கெல்லாம் புளிப்பும் கசப்பும்.

விளக்கைக் கிட்ட வைத்துக்கொண்டு ஒவ்வொரு பழமாகப் பிளந்தேன். கொட்டை இருந்த இடத்தில் மாத்திரை. பழத்தை மூடி, சீனிப்பாணி தடவி ஒட்டியிருக்கிறீர்கள். தையல் வேலையில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்று கல்யாணத்தின்போது சொன்னார்கள். இப்போது நம்புகிறேன்.

பகல் முழுக்கக் காய்ந்து கிடந்த புண் வயிற்றில், பாங்கு சொன்னதும் தண்ணீருக்கும் முன்னால் விழுந்தது அதுதான். நாள் தவறாமல். நான் தலையணை உறையைத் தடவிக்கொண்டிருந்தேன், அவர் என் கண் முன்னால் உட்கார்ந்து பிஸ்மி சொல்லித் தின்றுகொண்டிருந்தார்.

பிளந்த பழங்களை டாக்டரிடம் காட்டிவிட்டேன். உங்கள் தம்பி பிழைப்பாரா என்று இன்னும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

கைரியா


அம்பிட்டிய,
1938 நவம்பர் 19.

கைரியா,

ஆமாம், நான்தான் வைத்தேன். ஒளித்து வைத்தது உனக்குப் பயந்து இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். கேட்டது அவன். பிறைக்கு முன்னால் சாஹுல் ஹமீதிடம் சொல்லி அனுப்பினான். "ராத்தா, காலு ஏலா. பள்ளியில கதிரை போட்டு உக்காந்து தொழச் சொல்றாங்க. எனக்கு வெக்கமா ஈக்கி. கைரியாக்குத் தெரியாம ரெண்டு அனுப்புங்க." பழத்துக்குள் வைத்தது மட்டும் என் யோசனை. அவன் சின்ன வயதில் கசப்பு மருந்து குடிக்க மாட்டான். அப்போதும் பழத்துக்குள் வைத்துத்தான் கொடுப்பேன்.

உன்னோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறவன், ஒரு மாத்திரைக்கு என்னிடம் வர வேண்டியிருந்தது. அதை நீ உட்கார்ந்து யோசி. நான் விஷம் வைக்கவில்லை. ஊரெல்லாம் விழுங்குகிற மாத்திரையைத்தான் வைத்தேன். கண்டி டாக்டர் ஒன்றும் ஆகாது என்று சொன்னார், நம்பினேன். நீ உன் டாக்டரை நம்பவில்லையா, அப்படித்தான் நானும்.

நேற்று வார்டில் அவனுக்கு ஐஸ் துண்டை உறிஞ்சக் கொடுத்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தான். உதடு வெடித்திருக்கிறது. நீ என்னை வரக்கூடாது என்று சொன்னாலும் வருவேன். நீ எப்போது வீட்டுக்குப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். நீ போன பிறகு வருகிறேன், உன் முகத்தில் நான் முழிக்க வேண்டியதில்லை.

சித்தி றலியா


கடுகண்ணாவை,
1939 ஜனவரி 20.

மதினிக்கு,

ஸலாம். அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். படியேறும்போது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உங்களுக்குச் சொல்லச் சொன்னார், அதனால் எழுதுகிறேன்.

அவரிடம் கேட்டேன். "ஓ, நாந்தான் கேட்டேன்," என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நீங்கள் எழுதியது பொய்யாக இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் துஆ கேட்டேன். பொய்யில்லை. அது எனக்கு வலிக்க வேண்டும் என்றுதான் எழுதினீர்கள். வலித்தது. சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

தியாகராஜா டாக்டர் போன வாரம் வந்தார். சீமையிலிருந்து கப்பலில் வந்த வைத்தியப் பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். லண்டனில் இரண்டு டாக்டர்மார் ஆட்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கண்ணாடி பூட்டிய குழாயை வாய்வழியாக வயிற்றுக்குள் விட்டுப் பார்த்திருக்கிறார்களாம். பலருக்கு மாத்திரைத் துண்டு ஒட்டின இடம் சிவந்து, சிலருக்கு இரத்தமும் கசிந்து கிடந்ததாம். "நான் சொன்னதை இப்ப அவையளும் கண்டிருக்கினம்," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. இவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உங்கள் கண்டி டாக்டருக்கும் அந்தப் பத்திரிகை வந்திருக்கும். போய்க் கேளுங்கள்.

வாதத்துக்கு இனி உப்பு ஒத்தடமும் எண்ணெயும்தான். வலித்தால் வலிக்கட்டும். பள்ளியில் கதிரை போட்டாயிற்று. முதல் வெள்ளி வெட்கப்பட்டார், இரண்டாம் வெள்ளி அவரைப் பார்த்து வேறு இரண்டு கிழவர்களும் கதிரை கேட்டார்களாம்.

அம்பிட்டியவிலிருந்து இந்த வீட்டுக்கு இனித் தின்கிற பொருள் எதுவும் வரக்கூடாது. வந்தால் கோழிக்குத்தான் போடுவேன், கோழியும் யோசித்துத்தான் தின்னும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் உங்கள் முழங்காலுக்கு அதையே விழுங்குகிறீர்கள். எல்லோருக்கும் கெடுதல் இல்லை என்று டாக்டரே சொல்கிறார். ஆனால் வெறும் வயிற்றில் போடாதீர்கள். நெஞ்சுக் குழியில் எரிந்தாலோ, நான் எழுதியதற்கு நீங்கள் முகம் சுளித்தீர்களே அந்தக் கறுப்பைக் கண்டாலோ, அன்றைக்கே நிறுத்திவிட்டு ஒரு டாக்டரிடம் போங்கள். பாசத்தால் சொல்லவில்லை. நீங்கள் விழுந்தால் இவர் நோஞ்சான் உடம்போடு அங்கே வந்து உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்துவிடுவார். பிறகு நான் இரண்டு பேருக்குப் பால் காய்ச்ச வேண்டும்.

கைரியா


அம்பிட்டிய,
1939 ஒக்தோபர் 13.

கைரியா,

ஸலாம். எழுத வேண்டாம் என்று நீ சொல்லவில்லை, தின்பண்டம் அனுப்ப வேண்டாம் என்றுதான் சொன்னாய். அதனால் எழுதுகிறேன். தின்பண்டமும் அனுப்புகிறேன், நீ சொன்னதையெல்லாம் கேட்பதற்கு நான் உன் மருமகள் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் எனக்கும் கறுப்பாகப் போனது.  உன் கடிதம் இல்லாவிட்டால் பீட்றூட் தின்றதால் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றியிருப்பேன். டாக்டரிடம் போனேன். துரைமாரின் டாக்டரிடம் அல்ல. இப்போது நானும் பால்தான் குடிக்கிறேன். இந்த வருஷம் எனக்கும் நோன்பு இல்லை. வாப்பாவை நினைத்து அழுதேன், போதுமா?

உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று பார்க்காதே. தம்பியிடம் கேட்டுவிட்டேன். அவன் கேட்டதை நான் கொடுத்தேன், அவனும் நானும் தீர்த்துக்கொண்டோம்.

சீமையில் சண்டை தொடங்கியதிலிருந்து கண்டியில் பேரீச்சம்பழம் கண்ணில் காட்ட இல்லை. கடை கடையாக ஏறி இறங்கி ஒரு டின் வாங்கினேன். என் முழங்காலுக்கு அது சின்ன வேலை இல்லை. இது தம்பிக்கு அல்ல. எங்கள் இரண்டு பேர் வயிறும் கெட்டுப்போய், இந்தக் குடும்பத்தில் நோன்பு பிடிக்க நீ ஒருத்திதான் மிச்சம். உனக்குத்தான் அனுப்புகிறேன்.

கொட்டையோடு இருக்கிறது.

சித்தி றலியா


கடுகண்ணாவை,
1939 ஒக்தோபர் 17.

மதினிக்கு,

வ அலைக்கும் ஸலாம். டின் வந்தது. கோழிக்குப் போடவில்லை.

மஃரிபுக்கு முன்னால் தட்டில் கொட்டி, கத்தியை எடுத்து ஒவ்வொன்றாகப் பிளந்தேன். அவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்தா கொட்டையோடதானே அனுப்பீக்காங்க, பொறகு என்னத்துக்கு வெட்டிப் பாக்குற?" என்றார்.  கடைசிப் பழம் வரைக்கும் எல்லாவற்றையும் பிளந்து முடித்தேன். எல்லாவற்றிலும் கொட்டைதான் இருந்தது.

பாங்கு சொன்னதும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். நல்ல பழம்.

பாலில் சீனி போடாமல் குடியுங்கள். பெருநாளைக்கு அவர் உங்களைப் பார்க்க வர வேண்டும் என்கிறார். லொறியில் அனுப்ப மாட்டேன், நானே ரயிலில் கூட்டி வருவேன். எனக்கும் பாலும் சோறும் போதும்.

அடுத்த வருஷமும் பழம் அனுப்புங்கள். அப்போதும் பிளந்து பார்த்துத்தான் தின்பேன்.

கைரியா